லினக்ஸ் போட்டால் விண்டோஸ் போய்விடுமா?

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும் என்ற நம்பிக்கை சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைகளிலிருந்து மயிலாப்பூர், தி. நகர் வீடுகள் வரை வேரூன்றியிருக்கிறது. மெஷின் ஸ்லோவாகிவிடும், ஒருநாள் எதுவுமே திறக்காது என்று சொல்லி, சர்வீஸுக்கு வரும் லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் கேட்காமலேயே அழித்துவிடுகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. கணினியைத் திறக்கும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பூட் லோடர் சில நொடிகளே வேலை செய்கிறது. நாம் தேர்ந்தெடுத்ததிடம் பொறுப்பை ஒப்படைத்ததும் அதன் வேலை முடிந்துவிடும். தேர்ந்தெடுக்கப்படாத இயங்குதளம் ஹார்ட் டிஸ்க்கில் இடத்தை எடுத்துக்கொள்ளுமே தவிர, நினைவகத்தில் துளியும் எடுக்காது. அப்படியிருக்க வேகம் எப்படிக் குறையும்?

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், நந்தனத்திலிருந்து இயங்கும் அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த இயந்திரங்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட எளிய இயந்திரங்கள் அவை. இரண்டு இயங்குதளங்கள் கணினியைக் கெடுக்கும் என்றால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் அவை முதல் வாரமே படுத்திருக்க வேண்டும்.

பின் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? பழைய பயாஸ் கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில்தான் தொடக்க நிரல் உட்கார வேண்டும்; அதிலும் அதற்குக் கிடைப்பது 446 பைட்டுகளே. அங்கே ஒருவருக்குத்தான் இடம். விண்டோஸை மறுபடி நிறுவினால் அது யாரையும் கேட்காமல் தன் நிரலை அங்கே எழுதிக்கொள்ளும். மெனு மறைந்துவிடும், லினக்ஸின் கோப்புகள் அப்படியே இருந்தாலும் 'லினக்ஸ் போச்சு' என்பார்கள். இன்னொரு வகை இதைவிட மோசம். இடம் வேண்டும் என்று விண்டோஸுக்குள்ளிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழிப்பார்கள். அந்த முதல் 512 பைட்டுகளில் இருக்கும் லினக்ஸின் பூட் லோடரான க்ரப், தன் மீதிப் பகுதியை அந்தப் பார்ட்டிஷனில் தேடிக் காணாமல் நிற்கும், விண்டோஸும் திறக்காது. அழித்தவர் கை செய்ததற்குப் பழி லினக்ஸின் மேல். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பரவலான யூஇஎஃப்ஐ கணினிகளில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. ஒவ்வோர் இயங்குதளத்தின் தொடக்க நிரலுக்கும் தனிக் கோப்புறை உண்டு. எது முதலில் என்ற வரிசையை மட்டும் கணினி நினைவில் வைத்துக்கொள்கிறது.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல கணினிகளில் லினக்ஸ் திறக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொன்ன பாதுகாப்பு மாற்றம் அவற்றையும் தொட்டது. ஆனால் அதில் யாருடைய கோப்பும் அழியவில்லை. செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைத்துச் சரிசெய்ய முடிந்தது. ஒரு நிறுவனத்தின் பிழைக்காக மற்ற இயங்குதளத்தை வெளியேற்றுவது நியாயமாகாது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் போதாதா என்பது அடுத்த கேள்வி. 16 ஜிபி நினைவகம் உள்ளவருக்குப் போதும். 2 ஜிபி, 4 ஜிபியோடு படிக்கும் மாணவருக்கு அது நினைவகத்தைப் பாதியாகப் பிளக்கும். இரட்டை நிறுவலோ முழுக் கணினியையும் ஒவ்வொன்றுக்கும் தரும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் நிறைந்த வீடுகளுக்கு இரட்டை நிறுவல் இன்றைய தேவை.

ஆபத்தே இல்லை என்பதல்ல என் வாதம். ஆபத்து இருப்பது மெனுவில் அல்ல, பார்ட்டிஷனைச் சுருக்கும் இடத்தில். அங்கே தவறான ஒன்றைத் தேர்ந்தால் படமும் பாடமும் போய்விடும். ஆகவே முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். கடைக்காரர்களிடம் ஒரே வேண்டுகோள்: உரிமையாளரைக் கேட்காமல் ஒரு பார்ட்டிஷனையும் அழிக்காதீர்கள்.