டாக்டர் வாக்கு வேதவாக்கா?

உடம்பில் நோவு கண்டு, ஒருநாள் கூலியை இழந்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் அரைநாள் காத்துக் கிடந்து உள்ளே போனவரிடம், டாக்டரானவர் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, வயிற்றைத் தொட்டும் பாராமல், "உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் டென்ஷன்தான், கவலைப்படாமல் இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது இன்று சர்வ சாதாரணமாயிருக்கிறது. போனவரும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுகிறார். நோவு மாத்திரம் போகிறதில்லை. "வேறொரு டாக்டரைப் பார்ப்பதுதானே?" என்றால், "அவ்வளவு பெரிய டாக்டரே சொல்லிவிட்டார், அவருக்கு மேலா?" என்கிறார்கள்.

இந்த "அவருக்கு மேலா?" என்ற பேச்சைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம். சொன்னவர் யார் என்று பார்ப்பது பக்தி. சொன்னதற்கு ருஜு என்ன என்று பார்ப்பது பகுத்தறிவு. கோவிலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்த பக்தியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோய் வைத்தால் அது பகுத்தறிவாகிவிடுமா என்று கேட்கிறோம்.

உதாரணமாக, வயிற்றுப்புண் சங்கதியை எடுத்துக்கொள்வோம். கவலையாலும், கோபத்தாலும், காரத்தாலும்தான் வயிற்றில் புண் வருகிறது என்று உலகத்து வைத்தியப் பண்டிதர்கள் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். பாலைக் குடி, மிளகாயைத் தள்ளு, மனதை அடக்கு என்றார்கள். அதிலும் தீராதவர்களுக்கு இரைப்பையில் ஒரு பாகத்தையே அறுத்தெடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், நோயாளிகளின் இரைப்பையில் ஒருவிதக் கிருமி இருப்பதைக் கண்டு, 1982-ல் அதைத் தனியே வளர்த்தும் காட்டினார்கள். பண்டிதர்கள் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, தம் இரைப்பையில் அழற்சி உண்டானதை ருஜுப்படுத்தினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப்புண்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கிருமியோ, நோவு மாத்திரைகளோதான் காரணம் என்பதும், கிருமியால் வந்த புண்ணை ஒன்றிரண்டு வார மருந்தில் ஆற்றலாம் என்பதும் இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயங்கள். அப்படியானால், "உன் மனந்தான் காரணம்" என்று பழி கேட்டுக்கொண்டே வயிற்றை அறுத்துக்கொண்டு போனவர்களுக்கு யார் பதில் சொல்லுவது?

நிற்க, இந்தப் பழி பெண்மக்கள் தலையில்தான் அதிகமாக விழுகிறது. ஹிஸ்டீரியா என்ற பெயரே கருப்பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும். அமெரிக்க மனோவைத்திய சங்கத்தார் 1980-ல் தங்கள் வியாதிப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். பெயர் போயிற்றே தவிர புத்தி போகவில்லை.

நமது தோழர் ஒருவரின் தங்கைக்குப் பதினாறு வயது முதல் மாதந்தோறும் மூன்று நாள் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாத நோவு. படிக்கும்போது பரீட்சைப் பயம் என்றார்கள். உத்தியோகத்திற்குப் போனதும் வேலைப்பளு என்றார்கள். கல்யாணமானதும் மாமியார் வீட்டுக் கவலை என்றார்கள். நோவு ஒன்றேதான், காரணம் மாத்திரம் மூன்று தடவை மாறிற்று. ஒன்பது வருஷத்திற்குப் பிறகு வேறொரு டாக்டர், வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்க்கருவியால் பார்த்து, எண்டோமெட்ரியோசிஸ் என்று கண்டார். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளருகிற வியாதி இது. பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. சாதாரண ஸ்கேனில் இது தெரியாமலும் போகலாம். "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்பதற்கும் "உடம்பில் ஒன்றுமில்லை" என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதைத் தோழர்கள் யோசிக்கட்டும்.

இதனால் நாம் டாக்டர்களைத் தூஷிப்பதாக யாரும் கருத வேண்டியதில்லை. மனக்கவலையால் நோவு வராது என்றும் நாம் சொல்லவில்லை. வருவதுண்டு, அப்படி வருகிற நோவும் பொய்யல்ல, அதற்கும் வைத்தியம் வேண்டும். ஆனால் காரணம் அகப்படவில்லை என்பதாலேயே மனந்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாகாது என்பதுதான் நமது வாதம். ஆகவே டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? வேறு எந்தெந்த வியாதி இல்லையென்று பார்த்தீர்கள்? எத்தனை நாளில் குறையாவிட்டால் திரும்பி வரவேண்டும்? நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்கமாட்டார். கோபிப்பாரானால், அதுவே இன்னொருவரிடம் போகப் போதுமான காரணமாகும்.

தூக்கத்திலிருந்து எழுப்புகிற நோவு, காரணமின்றி உடம்பு இளைத்தல், ரத்தம் போதல், விடாத ஜுரம், கைகால் மரத்தல் ஆகியவை இருந்தால் தாமதிக்கவே கூடாது. மார்வலியானால் யோசனையே வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இப்படி இன்னொருவரைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமல்ல, உரிமை. தேசிய மனித உரிமைக் கமிஷன் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. கேட்ட 72 மணி நேரத்திற்குள் வைத்தியக் குறிப்புகளைக் கொடுக்கவேண்டும் என்று இந்திய மெடிகல் கவுன்சிலின் 2002-ம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன. ஆதலால் சீட்டுகளையும் சோதனைத் தாள்களையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நோவு எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு நாழிகை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஆனால் இரண்டாவது அபிப்பிராயம் என்று மந்திரவாதியிடமும் ஜோசியனிடமும் போய் நிற்கவேண்டாம். நமக்குப் பிடித்த பதில் வரும்வரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவும் வேண்டாம். அதுவும் மூடநம்பிக்கையேயாகும். தேடவேண்டியது ஆறுதல் வார்த்தையை அல்ல, காரணத்தை.

நோவு நம்முடையது, உடம்பும் நம்முடையது. அதைப் பற்றிக் கேட்கும் வாயை மாத்திரம் ஏன் இன்னொருவரிடம் அடகு வைக்கவேண்டும்?