ஆபீஸ் ‘குரூப்’களால் கம்பெனிக்கு லாபமா? அமெரிக்காவில் மீண்டும் எழும் கேள்வி

சென்னை ஓ.எம்.ஆரில் அமெரிக்க நிறுவனங்களின் கிளைகளில் வேலை பார்க்கிற பலருக்கு ‘இ.ஆர்.ஜி.’ என்ற பெயர் புதிதல்ல. ‘எம்ப்ளாயி ரிசோர்ஸ் குரூப்’ என்பதன் சுருக்கம் அது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தன்பாலின ஈர்ப்பாளர்கள், முன்னாள் ராணுவத்தினர் என ஒரே மாதிரி அனுபவம் உள்ள ஊழியர்கள் ஆபீஸுக்குள் சேர்ந்து நடத்தும் குழு. மகளிர் தினத்துக்கு கேக் வெட்டுவதோடு சரி என்று நினைப்பவர்களும் உண்டு. பல இடங்களில் அது உண்மையும்கூட!

ஜெராக்ஸில் என்ன நடந்தது?

1964 ஜூலையில் நியூயார்க் மாகாணத்தின் ராச்செஸ்டர் நகரில் இனக்கலவரம் வெடித்தது. ஜெராக்ஸின் தலைமையகம் அப்போது அங்கேதான். அதன் பிறகு, நிறுவனத்தின் தலைவர் ஜோசப் வில்சன் கறுப்பினத்தவரை அதிகமாக வேலைக்கு எடுக்க முனைந்தார். வேலை கிடைத்தது. ஆனால், கமிஷன் குறைவாக வரும் ஏரியாக்களையே தங்களுக்கு ஒதுக்குகிறார்கள் என்று கறுப்பின விற்பனைப் பிரதிநிதிகள் புகார் சொன்னார்கள். இதை ஒருவர் தனியாகச் சொன்னால், ‘உங்க பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை’ என்று முடித்துவிடலாம். பத்துப் பேர் உட்கார்ந்து தங்கள் ஏரியாக்களை ஒப்பிட்டால்தான் விஷயம் வெளியே வரும். 1970 வாக்கில் அங்கே உருவான கறுப்பின ஊழியர் குழுக்களே இன்றைய இ.ஆர்.ஜி.க்களுக்கு முன்னோடி.

நன்றாக விற்கத் தெரிந்தவரை, விற்பனையே ஆகாத ஏரியாவில் வைத்திருப்பது கம்பெனிக்கும் நஷ்டம்தான். லாபம் என்ற பேச்சு உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிப்ஸ் கணக்கு

கன்சல்டன்ட்கள் சொல்லும் உதாரணம் வேறு. ஃபிரிட்டோ-லே நிறுவனத்தின் லத்தீன் ஊழியர் குழு, குவாக்கமோலே சுவை டோரிட்டோஸ் சிப்ஸை உருவாக்கும்போது ருசி பற்றியும் பாக்கெட் பற்றியும் யோசனை சொன்னது. முதல் வருடத்திலேயே 10 கோடி டாலருக்கு மேல் விற்பனை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது சிப்ஸ் விற்ற கணக்கு. அதில் குழுவின் பங்கு எவ்வளவு என்பதற்குக் கணக்கு இல்லை.

இந்த வேலைக்குச் சம்பளம் உண்டா என்றால், பெரும்பாலும் கிடையாது. தன் வேலையை முடித்துவிட்டு, அதற்கு மேல் பார்க்கிற வேலை இது. 2021-ல் லிங்க்ட்இன், குழுக்களின் உலகளாவிய தலைவர்களுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் தருவதாக அறிவித்தபோது அது செய்தியானதே, மற்ற இடங்களின் நிலைமையைச் சொல்லிவிடும்.

இப்போது என்ன சிக்கல்?

2025 மார்ச்சில் அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் ஒரு விளக்கம் வெளியிட்டது. இனம், பாலினம் பார்த்து சிலரை மட்டுமே குழுவில் சேர்ப்பது சட்டவிரோதமாகலாம் என்கிறது அது. ஆணையம் கைகாட்டுவது 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்தை. கலவரம் நடந்த அதே ஜூலையில் கையெழுத்தான சட்டம்! எல்லா ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ளும் குழுக்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும், ‘லாபம் வரும்’ என்று சொல்லிக் குழு தொடங்கிய கம்பெனிக்கு, ‘கேஸ் வரும்’ என்று சொல்லி மூடுவதும் சுலபம்தான்.

இந்தியாவில் வேலை பார்க்கும் இந்தியர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் பட்ஜெட் தலைமையகத்திலிருந்து வருகிற குழுக்களின் கதை வேறு. அங்கே பணம் நின்றால், நைட் ஷிஃப்ட் கேப் வசதி பற்றியோ பிரசவ விடுப்புக்குப் பிறகான அப்ரைசல் பற்றியோ நாலு பேர் சேர்ந்து பேச ஓ.எம்.ஆரிலும் ஒரு இடம் குறையும்.