மரை கழன்ற விஷயம்

ரோட் பைக் வாங்கப் போறேன், எதைப் பார்த்து வாங்கணும்னு கேட்கிறவங்களுக்கு நான் சொல்லும் பதில் யாருக்குமே பிடிப்பதில்லை. கியர், எடை, கலர் எல்லாம் அப்புறம். குனிஞ்சு, ரெண்டு கிராங்குக்கும் நடுவில் அச்சு நுழையும் இடத்தைப் பாருங்க. அங்கே மரை இருக்கா?

அந்த இடத்தில் இருக்கும் பேரிங்குக்குப் பேர்தான் பாட்டம் பிராக்கெட். தேயாமல் இருக்கவே இருக்காது. நம்மூர் கறுப்பு சைக்கிளில் பக்கத்துக்கு 11 பால்ரஸ், கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான். ஓவராயில் பண்ணும்போது கடைக்காரர் குண்டை மட்டும் மாத்தி வேலையை முடிச்சிடுவார். இப்போதைய ரோட் பைக்கில் மொத்தமா கழட்டிட்டு புதுசு மாட்டணும்.

தேஞ்சிடுச்சான்னு பார்க்க, செயினைப் பல்சக்கரத்திலிருந்து இறக்கிவிட்டு கிராங்கைச் சுத்துங்க. கரகரன்னு கைக்குத் தெரிஞ்சா கதை முடிஞ்சது. பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்க. ரெண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினா பேரிங் போச்சு. ஒண்ணு மட்டும் ஆடினா அந்தக் கிராங்கோட போல்ட்தான் லூஸ்.

கழட்டுறதுல ஒரு வில்லங்கம் இருக்கு. பெரும்பாலான பைக்குகளில் இருக்கும் பி.எஸ்.ஏ. மரையில் வலது கப்புக்குத் தலைகீழ் மரை. இது தெரியாம வழக்கமான திசையில் ஸ்பேனரைப் போட்டு எம்பினா ஃபிரேமே வீணாகலாம். ஏன் இப்படி வெச்சான்? பெரிய வளையலுக்குள் சின்ன வளையலை ஓரமா உருட்டிப் பாருங்க. அது சுத்தி வர்ற திசைக்கு எதிர்த்திசையில்தான் தானா உருளும். அச்சோட அழுத்தம் சுத்திச் சுத்தி வரும்போது கப்பும் அப்படித்தான் நகரப் பார்க்கும். சாதா மரையா இருந்தா கழண்டுடும்.

இதையெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஸ்பேனரை நேரா மேலே நிறுத்தி, முன்சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினா கழலும், பின்பக்கம் இழுத்தா இறுகும். ரெண்டு பக்கத்துக்கும் இதே கணக்கு. மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுத்து வெறும் கையால்தான். கை போகலைன்னா மரை கோணலா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். ஷிமானோவோட வெளிப்பக்கக் கப்புகளுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம்.

இவ்வளவு எளிசா இருந்ததை விட்டுட்டு, மரையே இல்லாம பேரிங்கை அழுத்திச் செருகும் பிரஸ்ஃபிட்டுக்குப் போனாங்க. அகலமான குழாய், விறைப்பு, எடை குறைவுன்னு சொன்னாங்க. பொய்யில்லை. ஆனா கார்பன் ஃபிரேமுக்குள் உலோகக் குழாயை ஒட்டி மரை வெட்டும் செலவும் கம்பெனிக்கு மிச்சமாச்சே, அதைச் சத்தமா சொல்லலை :-) துளை ஒரு மயிரிழை பிசகினாலும் சத்தம்தான், மிதிக்க மிதிக்கக் கடக் கடக்னு. கழட்டணும்னா அடிச்சுத்தான் வெளியே எடுக்கணும். துல்லியமா செஞ்சது சத்தம் போடாது, ஒத்துக்கறேன். ஆனா துல்லியமா செஞ்சிருக்கானான்னு வாங்கும்போது எப்படிப் பார்க்கிறது?

கடைசியில் என்ன ஆச்சு? 2015-ல் கிறிஸ் கிங், ஆர்கனாட் சேர்ந்து டி47-ன்னு பெரிய மரையைக் கொண்டுவந்தாங்க. 2019-ல் டிரெக் டொமேன் அதுக்கு மாறியது. 2020-ல் ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்.எல்.7 பழைய பி.எஸ்.ஏ. மரைக்கே திரும்பியது. நடுவில் வாங்கினவங்கதான் பாவம், இன்னும் சத்தத்தோட ஓட்டிக்கிட்டிருக்காங்க.

பழைய இத்தாலி ஃபிரேம் வெச்சிருக்கிறவங்க மட்டும் கவனம். பலதில் ரெண்டு பக்கமும் சாதா மரை, 36 மி.மீ. கப். வலது கப் அடிக்கடி லூசாகும். பி.எஸ்.ஏ. கப் அதுக்குச் சேராது, வாங்கும்போதே அட்டைப் பெட்டியில் என்ன போட்டிருக்குன்னு பார்த்துடுங்க.