நிற்பதுதான் மரியாதையா?



நமது கடைகளில் நெடுநாளைய பழக்கம் ஒன்று உண்டு. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். கடைப் பையன்கள் காலை முதல் இரவு வரை நின்றபடியே இருப்பார்கள். பெரியவர் எதிரில் சிறியவர் உட்காரக் கூடாது என்று வீட்டில் கற்றதைக் கடைக்கும் கொண்டுவந்துவிட்டோம். வீட்டில் அது ஐந்து நிமிட மரியாதை. கடையில் அதுவே பத்து, பன்னிரண்டு மணி நேரத் தண்டனை.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை 2010-ல் 'அங்காடித் தெரு' படம் காட்டியபோது, "வியாபாரிகளைக் குறை சொல்கிறார்களே" என்று எனக்கும் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நானும் சிறு வயதில் ஒரு மண்டியில் நின்று நின்று கால் வீங்கியவன்தான். முதலாளியானதும் அதை மறந்துவிட்டேன்.

கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-ல் அங்கே அதற்குச் சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் நமது சட்டமன்றமும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும்; வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதே அதன் சாரம். இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு 1899-லேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது.

"அது பெரிய ஜவுளிக் கடைகளுக்குத்தானே?" என்று மயிலாப்பூர், அடையாறு மளிகைக்கடை நண்பர்கள் கேட்கிறார்கள். அப்படியல்ல. நமது கடைகளுக்கும் அது பொருந்தும்.

"பையன் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?" என்பது அடுத்த கேள்வி. வாடிக்கையாளர் வந்ததும் எழுந்து சரக்கு எடுத்துக் கொடுத்தால் அவருக்கு என்ன குறை? கால் வலியோடு நிற்பவன் எடை போடுவதிலும் கணக்கிலும் தவறுகிறான்; மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறான். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புவதும் நாம்தான்.

இடம் இல்லை என்ற காரணமும் நிற்காது. மூட்டைகளுக்கு இடம் தேடுகிற நமக்கு, கவுண்டருக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் போட இடம் கிடைக்காதா? ஒரு மூட்டை சர்க்கரையின் விலைகூட அதற்கு ஆகாது.

இன்ஸ்பெக்டர் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டூலை வாங்கிப் போட்டு, "உட்காரப்பா" என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் எந்தப் பையனும் உட்கார மாட்டான்.