அடியில் என்ன நிறம்?

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பாதி சைவச் சமையல் பற்றித்தான். போன வாரம் நேரலையில் ஒரு நேயர், “பரங்கிக்காய் வாங்கினா சப்புனு இருக்கு. எப்படிம்மா பார்த்து எடுக்கிறது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டைப் போட்டுத் தப்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பீடோருக்குக் கிளம்பினேன். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டுக்குப் பின்னால் பரங்கிக் கொடி போட்டிருக்கிறார்.

நேராகப் போய்ப் பளபளவென்றிருந்த பெரிய காய் முன்னால் நின்றேன்.

“அது வேணாம்மா. மினுக்குறதெல்லாம் இன்னும் முத்தல. முத்தினா தோல் மங்கிடும், மாவு பூசின மாதிரி இருக்கும்.”

பூத்து 40, 50 நாளாவது ஆகியிருக்க வேண்டுமாம். காம்பு தக்கை மாதிரி காய்ந்திருக்க வேண்டும். காம்புக்குப் பக்கத்தில் கொடியில் சுருண்டிருக்கும் மெல்லிய கம்பியும் காய்ந்திருந்தால் நல்லது. தோலில் நகத்தை அழுத்தினால் இறங்கக் கூடாது. தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல் சத்தம் வரும் என்றார். காதை நம்பிப் பிழைப்பவள் நான். ஆனாலும் எனக்கு எல்லாக் காயும் ஒரே மாதிரிதான் கேட்டது.

“புரட்டிப் பாரு. மண்ணுல பட்ட இடம் என்ன நிறம்?”

“வெள்ளைப்பா.”

“விட்டுடு. அடுத்தது?”

“இளமஞ்சள்.”

“இன்னும் நல்ல மஞ்சளா ஏதாவது இருக்கா பாரு.”

பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். நான்காவது காயில்தான் கவனித்தேன். காலடியில் கிடந்த பாராங்கை அப்பா கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

“அப்பா, கண்ணு எப்படி இருக்கு?”

“கொஞ்சம் புகை மாதிரி. இனிப்பு நீருக்கு அப்படித்தான் இருக்கும்.”

“எவ்வளவு நாளா?”

“போன தீபாவளியிலேருந்து.”

தினமும் போனில் பேசுகிறேன். குரல் தெளிவாக இருந்தால் ஆளும் நன்றாக இருக்கிறார் என்று முடிவு செய்துகொள்வேன். அம்மா இருந்திருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார். இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணின் உட்புறத்தைச் சோதிக்க வேண்டும் என்று எத்தனையோ மருத்துவர்களை என் நிகழ்ச்சியில் சொல்ல வைத்திருக்கிறேன். அப்பா போனாரா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நல்ல மஞ்சளாக இருந்த காயை நாலு விரல் காம்போடு வெட்டித் தந்தார். “காம்பைப் பிடிச்சுத் தூக்காத, ஒடிஞ்சா சீக்கிரம் அழுகிடும். பத்து நாள் காத்தாட வை. உள்ள இருக்கிற மாவு சர்க்கரையா மாறும், இன்னும் இனிக்கும்.”

காய் பின்னிருக்கையில், அப்பா முன்னிருக்கையில். கொடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கோலாலம்பூர் வரை புலம்பிக்கொண்டே வந்தார். நாளை காலை கண் மருத்துவரைப் பார்க்கிறோம். அந்த நேயருக்கு இந்த வாரம் நேரலையில் பதில் சொல்லிவிடுகிறேன்.