ஊர் காத்திருப்பதற்கு யார் கணக்கு வைப்பது?

சரக்கு ஏற்றவோ இறக்கவோ ஒரு லாரி பேசிய நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தால், அதற்கு ‘ஹால்டிங்’ என்று ஒரு தொகை கேட்பது லாரித் தொழிலில் பழைய வழக்கம். முழுத் தொகை கிடைக்கிறதோ இல்லையோ, வண்டியின் நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதைத் தொழில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே லாரி ஊர் நடுவே நகர முடியாமல் நிற்கும்போது, பின்னால் சிக்கிக்கொள்ளும் டவுன் பஸ்ஸில் இருப்பவர்களின் நேரத்துக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. திருமங்கலத்தில் தொடங்கி செங்கோட்டை, புளியரை வழியாகக் கொல்லம் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் அடுத்தடுத்து இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இப்படி எழுதப்படாத நேரத்தைப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகின்றன. லாரி வரிசை ஊருக்குள் நிற்கிறதே தவிர, பெரும்பாலும் ஊருக்குள் பிறப்பதில்லை. அது எங்கே பிறக்கிறதோ அங்கே தீர்க்கப்பட வேண்டும். தீரும்வரை ஊர் இழப்பதை யாராவது கணக்கில் எழுதியாக வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராஜபாளையத்தில் 1,30,442 பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும், ஒன்றுக்கொன்று பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்த இரட்டை ஊர்களுக்கு, அந்த நெடுஞ்சாலைதான் நெடுங்காலமாகக் கடைவீதியும் பள்ளிக்கூடப் பாதையும் ஆஸ்பத்திரி வழியும். கேரளத்துக்குப் போகும் சிமென்ட், அரிசி, காய்கறி, முட்டை, இருபுறமும் பிதுங்கும் வைக்கோல் பாரம் எல்லாம் இந்த வழியையும் நம்பியிருக்கின்றன. ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு வரும் பஞ்சுப் பொதிகளும், சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணியும், சிவகாசிச் சரக்கும் இதே வட்டாரச் சாலைகளில்தான் ஓடுகின்றன. குற்றாலச் சீசனிலும், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வரிசைகட்டும்போதும், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி செல்வோர் கிருஷ்ணன்கோவில் பக்கம் திரளும்போதும் நெரிசல் இன்னும் கூடுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால், வழக்குக்கு வரும் வெளியூர்க்காரர்களும் இந்த வரிசையைக் கடந்தே கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

இழப்பை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். முன்னும் பின்னும் விடும் இடைவெளியைச் சேர்த்தால் 14 மீட்டர். இருபது லாரிகள் நின்றால் 280 மீட்டர். ராஜபாளையம் காந்தி சிலை ரவுண்டானா போன்ற ஓரிடத்தில் அந்த நீளத்துக்குச் சாலையின் ஒரு பாதி அடைபட்டால், பக்கத்துத் தெருக்களின் வாய்களும் சேர்ந்து அடைபடும். அறுபது பேர் இருக்கும் பஸ் கால் மணி நேரம் நின்றால் பதினைந்து மனித மணி நேரம் போய்விடுகிறது. ஐந்து பஸ் நின்றால் எழுபத்தைந்து. இது கிட்டத்தட்ட ஒன்பது தொழிலாளர்களின் ஒருநாள் உழைப்பு. மில் ஷிப்ட்டுக்குத் தாமதமாகப் போகும் பெண்ணுக்கு அது சம்பளத்தில் விழும் வெட்டு. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்பப்படும் நோயாளிக்கு, ஆம்புலன்ஸ் ஊர் எல்லையைத் தாண்டும் அந்தப் பத்து நிமிடம் உயிர்ப் பிரச்சினை. சாலைத் திட்ட அறிக்கைகளில் எத்தனை வாகனங்கள் கடக்கின்றன என்ற எண்ணிக்கை இருக்கும். சாலையோரம் வாழ்பவர் அதைக் குறுக்கே கடக்க எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதும் அதே அறிக்கையில் இருந்தாக வேண்டும்.

நேரத்தைவிட மெதுவாக, ஆனால் ஆழமாகப் போகும் இழப்புகளும் உண்டு. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் சேர்த்தது. ஓடிக் கடந்துபோகும் வண்டியைவிட, என்ஜினை அணைக்காமல் கடை வாசலில் நின்று உறுமும் வண்டி அந்தப் புகையை ஒரே இடத்தில் கொட்டுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கவும் வழி செய்திருக்கின்றன. நள்ளிரவில் வரிசையின் கடைசி லாரி ஏர்ஹாரனை அழுத்தும்போது அந்த வரம்பு காற்றில் பறக்கிறது. சாலைக்கும் சேதம்தான். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த புகழ்பெற்ற சாலைச் சோதனைக்குப் பிறகு பொறியாளர்கள் பொதுவாக ஏற்கும் விதி ஒன்று உண்டு: அச்சின் மீது விழும் எடை இரட்டிப்பானால், சாலையின் தேய்மானம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடையை மத்திய அரசு 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அந்த விதிப்படி பார்த்தால் ஓர் அச்சு உண்டாக்கும் தேய்மானம் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. மெயின் ரோடு அடைபட்டதும் பாரவண்டிகள் நுழைவது நகராட்சித் தெருக்களில். அந்தத் தெருக்கள் அந்த எடைக்காகப் போட்டவை அல்ல. அவற்றைச் செப்பனிடும் செலவு ஊர்க்காரர் கட்டும் வரியிலிருந்து போகிறது.

ராஜபாளையத்தின் அனுபவம் இதில் இன்னொரு பாடம் சொல்கிறது. பாதாளச் சாக்கடை, தாமிரபரணி கூட்டுக் குடிநீர்த் திட்டம், சத்திரப்பட்டி சாலை ரயில்வே மேம்பாலம் ஆகிய மூன்று பணிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்த ஆண்டுகளில் ஊர் முழுக்கப் பள்ளமும் புழுதியுமாகக் கிடந்தது. மூன்றுமே ஊருக்குத் தேவையானவைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு துறை மூடிய பள்ளத்தை அடுத்த துறை தோண்டுவதும், மாற்றுப் பாதை தயாராகும் முன்பே பிரதான பாதையை அடைப்பதும் தேவையின் பெயரால் நியாயமாகிவிடாது. லாரி எந்தத் தெருவில் திரும்பும் என்று யோசிக்காமல் தோண்டினால், லாரி தானாக ஒரு தெருவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது குழந்தைகள் விளையாடும் தெருவாக இருக்கும்.

வரிசை வேறெங்கோ பிறக்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுகள் உண்டு. கோவை–பாலக்காடு எல்லையில் வாளையாறு சோதனைச்சாவடி முன்பு மைல் கணக்கில் லாரிகள் நின்ற காலத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டபோது, ஒரு அடி சாலைகூட அகலமாகாமலே அந்தத் தேக்கம் பெருமளவு குறைந்தது. காரணம் காகிதத்தில் இருந்தது, தீர்வும் அங்கேயே கிடைத்தது. இதற்கு நேர்மாறான கதை வடசென்னையுடையது. எண்ணூர், திருவொற்றியூர், மணலி மக்கள் கண்டெய்னர் டிரெய்லர் வரிசையோடு பல ஆண்டுகள் போராடினார்கள். பெரும் செலவில் சாலைகள் அகலமான பிறகும் தேக்கம் அடியோடு தீரவில்லை. துறைமுக வாசலில் வண்டிகளை உள்ளே எடுக்கும் வேகம் மாறாதவரை, அகலமான சாலை அகலமான நிறுத்துமிடமாகத்தான் பயன்படும்.

நான்குவழிச்சாலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும், அதுவரை பொறுங்கள் என்ற வாதத்தையும் இந்தப் பாடத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும். திருமங்கலத்திலிருந்து வடுகபட்டி வரை 36 கிலோமீட்டர், அங்கிருந்து ராஜபாளையத்தை ஒட்டிய தெற்குவெங்காநல்லூர் வரை 35.6 கிலோமீட்டர் என இரண்டு தொகுப்புகளாக வகுக்கப்பட்ட இந்தத் திட்டம் இரு ஊர்களுக்கும் நிச்சயம் நன்மை செய்யும். ஊருக்குள் வேலையே இல்லாத வண்டிகள் வெளியே போய்விடும். ஆனால் நான்கு வழியில் வேகமாக வரும் சரக்கு, தெற்குவெங்காநல்லூருக்கு அப்பால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் எனக் கடைவீதிகளின் நடுவே போகும் பழைய சாலையில் இறங்க வேண்டும். அந்தப் பகுதியிலும் சாலையை விரித்தால் விளைநிலம் போய்விடும் என்று விவசாயிகள் எழுப்பிய எதிர்ப்பும் நியாயமானது. தெற்கே போகப்போக வழி இன்னும் குறுகுகிறது. 2024 பிப்ரவரி 25 அதிகாலையில், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி புளியரை அருகே வளைவில் நிலைதவறி ரயில் தண்டவாளத்தில் விழுந்து, ஓட்டுநர் உயிரிழந்தார். பக்கத்தில் குடியிருந்த முதிய தம்பதி டார்ச் விளக்கோடு தண்டவாளத்தில் ஓடி, எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். நெடுஞ்சாலையின் ஆபத்தைச் சாலையோரக் குடிகள் எந்த அளவுக்குத் தங்கள் தோளில் தாங்குகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தெற்கு வழியின் குறுக்கம் தீராமல் வடக்கு வழி மட்டும் விரிந்தால், வரிசை இடம் மாறுமே ஒழிய மறையாது.

லாரிகளைக் கட்டுப்படுத்தினால் ஊரின் பிழைப்பே கெடும் என்பது அடுத்த மறுப்பு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலந்தொட்டு இந்த ஊர் பஞ்சோடும் நூலோடும் வளர்ந்தது. லாரி இல்லாமல் மில் இல்லை, மில் இல்லாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பு எரியாது. இதை முழுதாக ஒப்புக்கொண்டே சொல்ல வேண்டும்: வரிசையால் முதலில் நஷ்டப்படுவது லாரிதான். டீசல் வீணாகிறது, ஓட்டுநரின் தூக்கம் கெடுகிறது, கழிப்பறையோ குளிக்கத் தண்ணீரோ இல்லாமல் சாலையோரத்தில் இரவைக் கழிக்கிறார். ஆலைகளும் கிடங்குகளும் வண்டிகளுக்கு நேரம் குறித்து டோக்கன் கொடுத்து, காத்திருப்பைத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் தொழிலுக்கு நட்டமில்லை. ஓட்டுநருக்கும் ஊருக்கும் ஒரே தீர்வுதான் பொருந்துகிறது. இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது தவறு.

நெரிசலுக்குக் காரணம் ஆக்கிரமிப்பும், தாறுமாறாக நிறுத்தும் பைக்கும் ஷேர் ஆட்டோவும்தானே, லாரியை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறார்கள். கேள்வியில் உண்மை இருக்கிறது. நடைபாதையை விழுங்கிய கடை நீட்டிப்புகளை எடுக்கச் சொல்லும் கடமையிலிருந்து ஊர் தப்பிக்க முடியாது. ஆனால் வழிமறித்து நிற்கும் பைக்கை ஒருவர் கையால் நகர்த்திவிடலாம், இருபத்தைந்து டன் லாரியை நகர்த்த முடியாது. சிறிய தவறுகள் பெரிய அடைப்பாக மாறுவது அதனால்தான். புறவழிச்சாலை வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சமும் கேட்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பால்கோவாவை வாங்க வண்டியை நிறுத்துபவர்கள் காரிலும் வேனிலும் வருபவர்கள். ஆண்டாள் கோயிலுக்கு வருபவர்கள். அவர்கள் இறங்கி நிற்க இடம் விடாமல் அடைத்துக்கொண்டு போகும் பாரவண்டி, வியாபாரத்தைக் கெடுக்கிறது.

இப்படியொரு சிக்கல் நமக்கு மட்டும் உள்ளதல்ல. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 2015 கோடையில், ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முடியாத லாரிகள் எம்20 நெடுஞ்சாலையில் நாள்கணக்கில் நிறுத்தப்பட்டன. சிக்கல் மறுகரையில், பிரான்சின் கலே துறைமுகத்தில். அவதி கென்ட் கிராமங்களுக்கு. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் பிரென்னர் கணவாய் வழியாகச் செல்லும் லாரிகளுக்கு இரவுத் தடை வைத்திருக்கிறது. நெரிசல் நாட்களில் எல்லையிலேயே எண்ணி எண்ணி உள்ளே விடுகிறது. அண்டை நாடுகள் எதிர்த்தாலும், பள்ளத்தாக்கில் வாழ்பவர்களின் மூச்சுக்கும் உரிமை உண்டு என்று அது வாதிடுகிறது. அந்த உரிமையைக் காக்க நம் சட்டத்திலும் இடமிருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்பு கருதிக் குறிப்பிட்ட சாலைகளில் குறிப்பிட்ட வண்டிகளைக் கட்டுப்படுத்த அதிகாரம் தருகிறது. 117-ஆம் பிரிவு, உள்ளாட்சியைக் கலந்து வண்டிகள் நிற்கும் இடங்களைத் தீர்மானிக்க வழி செய்கிறது. திட்டமிடும் திறனும் நம்மிடம் உண்டு. ஆடிப்பூரத் தேர் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் நகரும் நாளில், எந்த வண்டி எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. ஒரு நாளுக்குச் செய்ய முடிவதை மற்ற நாட்களுக்கும் செய்யலாம்.

ஆகவே கேட்க வேண்டியவை நான்கு. இரு ஊர்களின் எல்லைக்கு வெளியே, கழிப்பறையும் குடிநீரும் விளக்கும் உள்ள லாரி நிறுத்துமிடங்களைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து அமைக்க வேண்டும். பள்ளி நேரத்திலும் மில் ஷிப்ட் மாறும் நேரத்திலும் பாரவண்டிகள் அங்கேயே நிற்க வேண்டும். சாலையைத் தோண்டும் எந்தத் துறையும் மாற்றுப் பாதை தயாரான பிறகே தோண்ட வேண்டும். ஒரே தெருவை இரு துறைகள் அடுத்தடுத்துத் தோண்டக் கூடாது. புறவழிச்சாலை திறந்த பின் ஊருக்குள் மிஞ்சும் பழைய நெடுஞ்சாலையைச் செப்பனிட்டு, நடைபாதையோடு ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, இரு நகராட்சிகளும் நெரிசலில் ஊர் இழக்கும் நேரத்தை மாதந்தோறும் அளந்து, மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அளக்காத இழப்புக்கு எந்த அரசும் பணம் ஒதுக்காது. எண்களாகக் கண்முன் வைத்தால், எவ்வளவு காலம் இப்படியே விடப்போகிறீர்கள் என்று நகர்மன்றத்திலும் சட்டமன்றத்திலும் உரிமையோடு கேட்க இந்த ஊர்களால் முடியும்.