அச்சு தாங்கும், பிரேக்?

திருநெல்வேலிச் சந்தைக்கு விடியக் காலமை மரக்கறி ஏத்துற எங்கட மாமாவின்ர பழைய பிக்கப்பின்ர பின் அச்சு உடைஞ்சு போச்சு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதோட ஏறின விலை, 2025இல் திரும்பத் திறந்த பிறகும் எங்களுக்கு எட்டாத உயரத்தில்தான். அதால சின்ன லொறி ஒண்டின்ர தடிச்ச அச்சைப் பழைய இரும்புக்கடையில் எடுத்துப் பூட்டுறது எண்டு முடிவு.

"எங்கட ஆக்கள் விண்ணர்" எண்டு உடனே பெருமை வரும். 90களின் பொருளாதாரத் தடைக்குள்ள, துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட்டின ஊரல்லோ! அந்தப் பெருமை எனக்கும் இருக்கு. ஆனா அது வேற வழியில்லாத காலம்.

தடிச்ச அச்சு வந்தால் கூடப் பாரம் ஏத்தத்தான் மனம் சொல்லும். சேசிஸும் முன் பிரேக்கும் பழசுதான். லொறி அச்சின்ர பிரேக் சிலிண்டர் பெரிசெண்டால் கூட ஒயில் கேக்கும். பிக்கப்பின்ர மாஸ்டர் சிலிண்டர் அதைக் குடுக்காட்டி பெடல் கீழ போகும். நீளம் பொருந்தாட்டி புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டி, பலன்ஸும் பாக்கவேணும். அச்சு மலிவுதான். இந்த மிச்ச வேலையிலதான் காசு போகும், எங்கட ஆக்கள் மிச்சம் பிடிக்கிறதும் இதிலதான்.

பிரேக்கைப் பற்றிக் கேட்டன். "பிறகு பாப்பம் தம்பி" எண்டார் மாமா. நாளைக்கு அந்தப் பிக்கப் வெங்காய மூட்டையோட பலாலி வீதியில் வரேக்க, பள்ளிக்கூடப் பிள்ளையள் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பினம்.